ஒரே திருகின் மேல் நாலு ஸ்டிக்கர்

"மூடியைக் கழட்டுங்க. உள்ள பார்க்கணும்."

இசோகென் இதைச் சொன்னதும், தொத்திறைச்சி ரொட்டியை மென்றுகொண்டிருந்த காஸ்மஸின் தாடை அப்படியே நின்றது. கடைக்காரர் இஃபேடி வாயிலிருந்த பல்குச்சியை எடுத்து மேசைமேல் வைத்தார். கூட வந்திருந்த டூபெம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை, அதில் ஏதோ பரிசு விழுந்திருப்பதைப் போலப் பார்க்கத் தொடங்கினான். வெளியே ஜெனரேட்டர்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. இகேஜா கணினிச் சந்தையில் அவை யாருக்காகவும் நிற்பதில்லை.

பேருந்தில் வரும்போதே டூபெம் மூன்று தடவை சொல்லியிருந்தான். "விலையைப் பாதியாக் கேளு, தப்பில்ல. திட்டு, அவனும் திட்டுவான். அவன் தொப்பையைப் பத்திக்கூடப் பேசு, சிரிப்பான். திறந்து காட்டுன்னு மட்டும் கேட்டுறாத. அப்புறம் அந்தத் தெருவுல ஒரு வயரு கூட உனக்கு விக்க மாட்டான்."

அது அவளுக்கும் தெரியாததில்லை. இந்தச் சந்தையில் உன் முன்னால் இருக்கும் பொருள் உன் முன்னால் நிற்கிற ஆளுடையதாக இருப்பது அபூர்வம். காஸ்மஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கடை கிடையாது. இரண்டு கால்தான் கடை. தெருமுனையில் நின்று வருகிறவர்கள் கையைப் பிடிப்பான். எதைக் கேட்டாலும் "இருக்கு" என்பான். உன்னை ஏதாவது ஒரு கடையில் உட்கார வைத்துவிட்டு ஓடுவான். அந்தக் கடைக்காரர் இன்னொரு கடையிலிருந்து வாங்கியிருப்பார், அவர் வேறொருவரிடமிருந்து. பொருள் கை மாறும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தன் பெயர் அச்சடித்த குட்டி ஸ்டிக்கர் ஒன்றைத் திருகின் மேல் ஒட்டிவிடுவார்கள். ஸ்டிக்கர் கிழியாமல் திரும்பி வந்தால் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கிழிந்தால் உன் பாடு. ஆகவே திறந்து காட்டு என்றால், வரிசையில் பின்னால் நிற்கிற அத்தனை பேரின் வாக்கையும் நடுத்தெருவில் கிழி என்று அர்த்தம்.

இஃபேடி சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, என்னைத் திருடன்னு சொல்றியா?"

"இன்னும் சொல்லல. திறந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

"டூபெம், எங்கப்பா புடிச்ச இந்தப் பொண்ணை?"

"அவ இன்ஜினியரிங் படிச்சவ, ஓகா. அப்படித்தான் பேசுவா," என்றான் டூபெம். ஓகா என்றால் அங்கே முதலாளி. பிறகு அவள் முழங்கையைத் தொட்டுத் தாழ்ந்த குரலில், "வா, வேற கடை பார்க்கலாம். இது வேணாம்," என்றான்.

வேற கடை. மூன்று வாரமாக அவள் வேற கடைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கணினியில் படத்தை ஓட வைக்கிற கிராஃபிக்ஸ் கார்டு அந்த வருடம் உலகத்திலேயே இல்லை. தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது என்றார்கள், கப்பல் நடுக்கடலில் நிற்கிறது என்றார்கள், கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் காசு தோண்டுகிற கும்பல் மூட்டை மூட்டையாக அள்ளிவிட்டது என்றார்கள். திங்கட்கிழமை ஒரு லட்சத்து எண்பதாயிரம் நைரா என்றது வெள்ளிக்கிழமை மூன்று லட்சமாகியிருக்கும். அதையும் "நீ நல்ல பொண்ணுங்கறதால" என்று சேர்த்துச் சொல்வார்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு ஈரக்கை வந்து மணிக்கட்டைப் பிடிக்கும். "என்ன வேணும் அழகி? யாருக்கு, பாய்ஃபிரெண்டுக்கா?" தனக்குத்தான் என்று முதல் வாரம் பதில் சொன்னாள். இரண்டாம் வாரம் முறைத்தாள். மூன்றாம் வாரம் தண்ணீர்ப் பாக்கெட் ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிடிக்கும் மணிக்கட்டைக் கழுவிக்கொண்டாள். பிடித்தவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுவுவாள். அந்தச் சந்தையில் அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். சனிக்கிழமை அவளும் டூபெமும் இருந்த ஐந்து பேர் அணி, கணினிச் சண்டை விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றை ஆட வேண்டும். ஜெயிக்கிற அணியை ஜோகன்னஸ்பர்க் கம்பெனி ஒன்று ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்ளும், மாதச் சம்பளத்தோடு. பட்டம் வாங்கிப் பதினான்கு மாதமாகியும் இசோகெனுக்கு ஒரு மாதச் சம்பளம் வந்ததில்லை. அவள் வீட்டில், அப்பா பக்கமும் அம்மா பக்கமும் சேர்த்து, முதல் பட்டம் அவளுடையது. ஒஷோடி வழியில் மஞ்சள் பேருந்து ஓட்டுகிற அவள் அப்பா, அங்கி போட்ட அவள் படத்தைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். ஏறுகிறவர்கள் "பொண்ணு எங்க வேலை பார்க்குது?" என்று கேட்பார்கள். "வருது, வருது," என்பார், பேருந்தைப் பற்றிக் கேட்டதுபோல.

ஆட்டத்தில் எதிரி இடத்துக்குள் முதலில் பாய்கிறவள் அவள்தான். பாய்கிற நேரத்தில் பழைய கார்டு திக்கியது. படம் அரை நொடி உறைந்துவிட்டு நகரும்போது அவள் செத்துக் கிடப்பாள். அணித் தலைவன் டூபெம், கார்டை மாற்று, இல்லாவிட்டால் ஆளை மாற்றுவேன் என்றான். சொல்லிவிட்டு அவனே பழையதைக் கழற்றி எடுத்துப்போனான். "ஸ்வாப் போட்டுடலாம். புதுசு கிடைக்கிற அன்னைக்கு இது விலையைக் கழிச்சுக்கலாம். என்ன, நீ நோண்டி ரிப்பேர் பண்ணின கார்டு, பெருசா ஒண்ணும் போகாது." அன்றிலிருந்து அவள் கணினி வெறும் தகரப் பெட்டி.

இப்போது மேசைமேல் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் கார்டைக் கிடத்தியிருந்தார்கள். பெரிய கறுப்பு மூடி, மூன்று விசிறி. இஃபேடி பின்கட்டிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துவந்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல வைத்தார். லண்டன் சரக்காம், ஆறு மாதம்கூட ஓடவில்லையாம். அதைப் பார்த்த நொடியிலிருந்துதான் டூபெம் பேச்சை நிறுத்தியிருந்தான். மூன்று லட்சத்து இருபதாயிரத்தைக் கண்டு மிரண்டுவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். பெட்ரோல் வாசம். அதற்கடியில் வேறொன்று, நனைந்த தூசி புளித்த மாதிரி. விசிறியை ஒரு விரலால் சுற்றினாள். இறக்கை விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரல் நுனியில் பிசுபிசுப்பான எண்ணெய். ஜீன்ஸில் துடைத்தாள், போகவில்லை.

இஃபேடி அதைக் கடைக் கணினியில் செருகிக் காட்டியாகிவிட்டது. திரையில் பெரிய கார்டின் பெயர் வந்தது. "பேரு வருதுல்ல? வேறென்ன வேணும்?"

"பேரு வரும். உள்ள எழுதியிருக்கிற பேரை மாத்தி எழுதிட்டா மெஷின் நம்பிட்டுப் போகுது. ஏதாவது ஒரு கேமைப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க."

"ஜெனரேட்டர் தாங்காது, தங்கச்சி."

அவர் தலைக்குமேல் ஏசி நடுங்கிக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகுதான் அவள் மூடியைக் கழற்றச் சொன்னாள்.

"சரி, இப்படி வச்சுக்குவோம்," என்று பையைத் திறந்து, ரப்பர் போட்ட கட்டுகளை மேசைமேல் வைத்தாள். "பேரமே பேசல. உள்ள சரியா இருந்தா, நீங்க கேட்ட முழு விலை. பழைய கார்டுக்குக் கழிக்கக்கூட வேணாம். கிழியிற ஸ்டிக்கர் என் பொறுப்பு."

பேரம் இல்லை என்ற சொல் காஸ்மஸின் வாயிலிருந்த ரொட்டியை உள்ளே இறக்கியது. "ஓகா, பார்த்துட்டுப் போகட்டுமே. நம்ம சரக்குல என்ன இருக்கு மறைக்க? வெளிய அந்த வீடியோ மேடம் வேற காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்காங்க. இந்தப் பொண்ணு எடுக்கலன்னா அவங்க எடுத்துக்குவாங்க."

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் கைப்பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள். டிசம்பர் கல்யாணங்களுக்கு முன்னால் கார்டு வேண்டும் என்று காஸ்மஸின் கையில் மாட்டியிருந்தாள்.

இஃபேடி கட்டுகளைப் பார்த்தார். பிறகு, "திற," என்றார்.

"இசோகென், வேணாம். சொல்றதைக் கேளு," என்றான் டூபெம். அவன் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது, அந்த ஏசியிலும்.

"உனக்கென்னடா வந்துச்சு? என் காசு."

அவள் திருப்புளியைச் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தாள். திருகின் மேலே இஃபேடியின் தங்கநிற ஸ்டிக்கர். நகத்தால் கிளப்பினாள். கீழே பச்சை, ஏதோ போன் ரிப்பேர் கடை. அதையும் கிளப்பினாள். கீழே வெள்ளை, பேனாவில் தேதி எழுதியது; ஒன்பது நாள் முந்தியது. லண்டன் சரக்கு என்றார்களே, ஒன்பது நாளில் இத்தனை கையா என்று நினைத்துக்கொண்டே அதையும் உரித்தாள். அடியில் நாலாவதாக வட்டமான ஒன்று ஒட்டியிருந்தது. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் கெளுத்தி மீன், தலையில் போர்க்கவசம், இரண்டு பக்கமும் நீண்ட மீசை.

இஃபேடி எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "இது எந்தக் கடைடா? மீன் கடையா?"

அந்த மீனை வரைந்தவள் இசோகென். மீசை மட்டும் நாலு தடவை மாற்றி வரைந்தாள். அணிக்காக இருநூறு ஸ்டிக்கர் அச்சடித்தார்கள். ஆளுக்கு ஒன்று போக, மீதிச் சுருள் டூபெமின் அலமாரியில் இருந்தது.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தன் காலணியைப் பார்த்தான்.

"ஸ்டிக்கர் யார்கிட்ட வேணா இருக்கலாம்," என்றான் காலணியிடம்.

அவள் நாலு திருகையும் கழற்றி, மூடியைப் பிடித்து இழுத்தாள். பழைய கட்டுத்துணி புண்ணிலிருந்து பிரிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு அது வந்தது. முதலில் நாற்றம் வெளியே வந்தது. வெள்ளித் தகடுகளுக்கு நடுவே சாம்பல்நிறத் தூசி, எண்ணெயில் ஊறிக் களியாகக் கெட்டிப்பட்டிருந்தது. அதில் யாருடையதோ தலைமுடி. கரப்பானின் முட்டைக்கூடு இரண்டு, கால்கள் தனியாக ஆறேழு. இரவும் பகலும் காசு தோண்டித் தோண்டி வெந்து செத்த ஏதோ ஒரு கார்டின் மேல்பாகம் அது. வெளியே மட்டும் பெட்ரோல் போட்டுத் துடைத்து, கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். காஸ்மஸ் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் காகிதத்தில் சுற்றினான்.

மேல்பாகத்தின் கீழே இருந்த மின்சுற்றுப் பலகை சின்னது. அதன் ஓரத்தில் நீலநிற கெப்பாசிட்டர் ஒன்று நிற்க இடமில்லாமல் பக்கவாட்டில் படுத்திருந்தது. அது அசையாமல் இருக்க, மேலே சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு.

இறுதி ஆண்டில், கல்லூரி ஆய்வகத்தில், சரியான அளவு கிடைக்காமல் உயரமானதை வாங்கி, படுக்கப்போட்டு அவள் பற்றவைத்தது அது. அந்த நகப்பூச்சு அவள் தங்கையுடையது. கேட்காமல் எடுத்ததற்கு அன்று அடிதடி.

தன் கார்டையே மூன்று லட்சத்து இருபதாயிரம் கொடுத்து வாங்க இருந்தாள். அழுக்குச் சட்டை போட்டு, பெயரை மாற்றி, நாலு பேர் கையில் உருட்டி, அவளிடமே திருப்பிக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். இது தெரிந்து செய்த வேலையாக இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். யாருக்கும் தெரியாது. அவனவன் தன் பங்கை நக்கிவிட்டு அடுத்தவனுக்குத் தள்ளியதில், அதுவாகச் சுற்றி வந்து நின்றது.

"இப்படிச் சட்டை மாட்டி எத்தனை கார்டு வித்த?" என்றாள்.

டூபெம் சுவரோடு சாய்ந்தான். "ஏழு. இதோட எட்டு. நான் பச்சை ஸ்டிக்கர்காரன்கிட்ட குடுக்கலை, இன்னொருத்தன்கிட்ட... சத்தியமா இங்க வரும்னு தெரியாது. பார்த்ததும்தான் தெரிஞ்சுது. அதான் வேற கடைக்குப் போகலாம்னேன்."

"போயிருந்தா?"

"போயிருந்தா உனக்கு நல்லது வாங்கித் தந்திருப்பேன்."

"இது?"

"இது... யாராவது வாங்கியிருப்பாங்க."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான், மழை வந்தால் யாராவது நனைவார்கள் என்பதுபோல. பிறகு அவனுக்கே ரோஷம் வந்துவிட்டது. "என்னை அப்படிப் பார்க்காத. நாலு மாசமா அஞ்சு பேருக்கும் இன்டர்நெட் யாரு போட்டா? சட்டை யாரு தைச்சா? சனிக்கிழமைக்கு நுழைவுக் கட்டணம் யாரு கட்டினா? ஆகாசத்துலேருந்து விழுந்துச்சுன்னு நினைச்சியா?"

இசோகென் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். மஞ்சள் மீன் போட்ட அணிச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். அதற்கும் அதே எண்ணெய் வாசம் அடிப்பதுபோல இருந்தது. நாலு மாதம் அவள் அந்த இணையத்தில்தான் ஆடினாள். ஒருநாளும் எங்கிருந்து என்று கேட்கவில்லை. கேட்காதே என்று யாரும் சொல்லவும் இல்லை.

இஃபேடி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஏமாந்த கோபமெல்லாம் அவருக்கு ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோயிருந்தது. பச்சை ஸ்டிக்கர்காரனை எப்படி அமுக்குவது என்று கணக்குப் போட்டிருப்பார். மேசைக்கடியில் கையை விட்டு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். தொழிற்சாலை உறை பிரியாத புதுக் கார்டு. ஏசிக் குளிரில் பளபளத்தது.

"புதுசு இல்லவே இல்லைன்னு சொன்னீங்க," என்றாள்.

"சொல்றதுதான். இது காசு தோண்டுற ஆளுக்கு வச்சது, நாலரை குடுப்பான். உனக்கு அதே மூணு இருபது. எடுத்துக்க. உறையை இங்கயே கிழி, இங்கயே போட்டு ஓட்டு, ஜெனரேட்டர் தாங்கும்." பல்குச்சி மறுபடி வாய்க்குப் போனது. "இதை மூடிடு. நீ திறந்த கையாலயே மூடு, உனக்குத்தான் வேலை தெரியுது. என் ஸ்டிக்கரை நான் புதுசா ஒட்டிக்கிறேன். தெருவுல போய் வாயைத் திறக்காத. அவ்வளவுதான்."

"மூடிட்டு?"

இஃபேடி பல்குச்சியால் கதவுப் பக்கம் காட்டினார். "அந்த மேடத்துக்கு வீடியோதானே. ஓடுற வரைக்கும் ஓடும்."

"அவங்க கேட்டா?"

"அவங்க திறக்கச் சொல்ல மாட்டாங்க."

காஸ்மஸ் தலையாட்டினான். டூபெமின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "எடுத்துக்க, இசோகென். ரெண்டு நாள்தான் இருக்கு. இதோட போனா நம்மை யாராலயும் தொட முடியாது. ஜெயிச்சிட்டு என்னை நாலு அறை விடு, வாங்கிக்கிறேன்."

அவள் பெட்டியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. இதற்காகத்தான் மூன்று வாரம். உள்ளே கரப்பான் இல்லை, பொய்ப் பெயர் இல்லை, படம் திக்காது. அதற்குள் ஒரு வருடச் சம்பளம் இருந்தது. பேருந்தில் அப்பா "ஜோகன்னஸ்பர்க் கம்பெனி" என்று தடுக்கித் தடுக்கிச் சொல்வது இருந்தது. வேண்டும். வேண்டாம் என்று ஒரு நொடிகூட அவளுக்குத் தோன்றவில்லை. அது தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். பளபளக்கிற உறைமேல் அவள் விரல் ரேகை எண்ணெயில் தெளிவாகப் பதிந்திருந்தது. அச்சடித்த மாதிரி, ஐந்தாவது ஸ்டிக்கர்.

அவள் பணக்கட்டுகளைப் பைக்குள் போட்டாள். பலகையை அந்த மேல்பாகத்திலிருந்து பிரித்து, கீழே விரித்திருந்த துண்டிலேயே துடைத்து, அதையும் பைக்குள் வைத்தாள்.

"ஏய், அதை எங்க எடுத்துட்டுப் போற?" என்று காஸ்மஸ் எழுந்தான்.

"என்னுது. ஸ்வாப் முடியல. இவன்கிட்ட கேளுங்க."

டூபெம் மறுபடி காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்போ இந்த மேல்மூடி?" என்றார் இஃபேடி.

"அது உங்களுக்குத்தான். உள்ள குடித்தனம் நடக்குது, கலைக்க வேணாம்."

"தங்கச்சி, நல்லா யோசிச்சுக்க. இந்தத் தெருவுல இனிமே உனக்கு ஒரு திருகாணி கிடைக்காது."

"நாலு இருக்கு எங்கிட்ட," என்று மேசைமேல் கிடந்த திருகுகளை எடுத்து ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டாள்.

டூபெம் வழியை மறித்தான். "சனிக்கிழமை நாலு பேரா ஆட முடியாது. விதி தெரியும்ல உனக்கு?"

அவள் தன் போனின் முதுகில் ஒட்டியிருந்த மீனை நகத்தால் உரித்தாள். ஒரு வருடம் ஒட்டிக்கிடந்ததில் மீசை ஒரு பக்கம் போனிலேயே தங்கிவிட்டது. மிச்சத்தை அவன் சட்டைப்பையின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். "அஞ்சாவதா இதை உட்கார வை."

கதவைத் திறந்ததும் வெயிலும் டீசல் புகையும் முகத்தில் அடித்தன. நாற்காலியிலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"அக்கா," என்று இசோகென் குனிந்தாள். "இங்க காசு குடுக்காதீங்க. எங்க வாங்கினாலும் முதல்ல மூடியைக் கழட்டச் சொல்லுங்க. உள்ள பார்த்துட்டுக் குடுங்க."

அந்தப் பெண் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் கண்கள் இசோகெனின் சட்டையிலிருந்த மீனையும், எண்ணெய்க் கையையும், உப்பிய பையையும் ஒன்றன்பின் ஒன்றாக அளந்தன.

"நீ எந்தக் கடை ஆளு?" என்றாள். "அங்க வாங்காதே வாங்காதேன்னு சொல்லித்தான் காலையில ஒருத்தன் என்னை இங்க இழுத்துட்டு வந்தான். எவ்வளவு தர்றாங்க உனக்கு?"

இசோகெனுக்கு வாயில் ஏதேதோ வந்தது. சொன்னால் அதுவும் ஒரு கடைப் பேச்சுபோலத்தான் கேட்கும். பையிலிருந்து பலகையை எடுத்து, நீல கெப்பாசிட்டரும் சிவப்புப் பொட்டும் தெரிய ஒரு நொடி அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு அது ஒன்றும் புரிந்திருக்காது.

"எந்தக் கடையும் இல்ல," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தெருமுனை போவதற்குள் இரண்டு கைகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து, எண்ணெய் பட்டதும் தாமாகவே விட்டுவிட்டன. இந்தத் தடவை அவள் கழுவவில்லை.